ஐ.டி. சான்றிதழுக்குக் காசு கட்டும் முன்: கோலாலம்பூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடை. அக்கா மகன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. மூணு மாசத்துல அஞ்சு சர்ட்டிபிகேட். ஏழாயிரத்து ஐந்நூறு வெள்ளிதானாம். கட்டிடட்டுமா?"

"எந்த வேலைக்குடா?"

"ஐ.டி. வேலைக்குத்தான்."

"அதுதான், ஐ.டி.யில எந்த வேலை?"

பதில் வரவில்லை. ரொட்டி சானாயைப் பிய்த்துக் கறியில் முக்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது தே தாரிக் ஆறும்வரை அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நானும் அப்படிக் காசு கட்டியவன்தான். டிப்ளோமா முடித்த கையோடு ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து நான்கு சான்றிதழ் வாங்கினேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைலோடு முதல் நேர்காணலுக்குப் போனேன். எதிரே இருந்தவர் பைலைத் திறக்கவே இல்லை. வெள்ளைப் பலகையில் இரண்டு பெட்டி வரைந்தார். "இது ரெண்டும் ஸ்விட்ச், கம்ப்யூட்டரையெல்லாம் இணைக்கிற பெட்டி. விலேன் பத்தும் இருபதும் இங்கேயிருந்து அங்கே போகணும். என்ன டைப் பண்ணுவீங்க?" விலேன் என்பது ஸ்விட்சுக்குள் பிரித்துவைக்கும் தனித்தனி நெட்வொர்க். பல விலேன்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்புக்கு டிரங்க் என்று பெயர். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். அதற்கு எந்தக் கட்டளையைத் தட்டுவது என்று தெரியாது. நன்றி சொல்லிவிட்டு எல்.ஆர்.டி. ஏறி செந்தூலுக்குத் திரும்பினேன்.

ஆகவே சான்றிதழால் பிரயோசனம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களில் உங்களுடையதை ஒருவர் திறந்து பார்க்க அது காரணமாக இருக்கும். திறந்த பிறகு கைதான் பேச வேண்டும்.

முதல் படி: விளம்பரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பயிற்சி நிலையத்தின் பட்டியலைப் பார்த்துத் தொடங்காதீர்கள். அவர்கள் தங்களிடம் இருப்பதை விற்பார்கள். ஜாப்ஸ்ட்ரீட்டையும் லிங்க்ட்இன்னையும் திறந்து, நீங்கள் போக நினைக்கும் வேலைக்குக் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, சைபர்ஜெயா வட்டாரத்தில் வந்திருக்கும் முப்பது விளம்பரங்களை எடுங்கள். ஒரு எக்செல் தாளில் நான்கு கட்டம் போதும்: வேலையின் பெயர், கேட்கும் அனுபவம், கேட்கும் சான்றிதழ், அது கட்டாயமா அல்லது இருந்தால் நல்லது என்கிறார்களா. மாண்டரின் கட்டாயம் என்று போட்டிருப்பதை ஒதுக்கிவிடுங்கள். அந்தக் கோபத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

முப்பதையும் எழுதி முடித்ததும் எண்ணுங்கள். ஒரே சான்றிதழ் பத்து இடத்தில் வந்திருந்தால் அதுதான் உங்களுக்கு. எதிலுமே வராத சான்றிதழ் விளம்பரப் படத்தில் எவ்வளவு பளபளத்தாலும் உங்களுக்கு வேண்டாம். இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும், செலவும் கிடையாது. என் மருமகன் செய்து பார்த்தான். அவன் கட்ட இருந்த ஐந்து சான்றிதழில் ஒன்றுதான் அவன் தாளில் வந்தது.

இரண்டாம் படி: உங்கள் நிலைக்குப் பயன்படுமா?

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. பட்டம் இல்லாமல், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். அல்லது டிப்ளோமாவோடு நிற்பவருக்குச் சான்றிதழ் நிறையவே உதவும், காட்ட வேறு ஆதாரம் இல்லை என்பதால். கணக்கு வேலையிலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ துறை மாறுகிறவருக்கும் அப்படித்தான்.

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களுக்குத் தங்கள் மதிப்பே தெரிவதில்லை. நெட்வொர்க் சாமான் விற்றுப் பொருத்தித் தரும் கம்பெனிகள் சிஸ்கோ, மைக்ரோசாப்ட் போன்றவற்றின் பார்ட்னர் தகுதியைத் தக்கவைக்க, சான்றிதழ் பெற்ற இத்தனை ஆட்களைக் காட்ட வேண்டும். டெண்டர் போடும்போதும் ஆள் கணக்குக் கேட்பார்கள். அங்கே உங்கள் சான்றிதழ் உங்களைவிட முதலாளிக்குத்தான் அதிகம் தேவை. பரீட்சைக் கட்டணத்தைக் கேட்கவும், தேறிய பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசவும் கூச்சப்படாதீர்கள்.

சட்டமும் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. வங்கி, மருத்துவம், போக்குவரத்து, எரிசக்தி, தண்ணீர் என மொத்தம் 11 துறைகளை நாட்டுக்கு இன்றியமையாதவை என்று வகுத்து, அவற்றின் கணினி அமைப்புகளைக் காக்கும் கடமைகளை விதித்திருக்கிறது. ஊடுருவல் சோதனை, அதாவது அனுமதியோடு கணினிக்குள் நுழைந்து ஓட்டை தேடும் வேலை, செய்து தரும் நிறுவனங்களுக்கும், பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் நடத்தித் தரும் நிறுவனங்களுக்கும் உரிமம் வேண்டும். வங்கிப் பக்கம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை 2020 ஜனவரியிலிருந்தே நடப்பில் இருக்கிறது. பாதுகாப்பும் தணிக்கையும் தெரிந்த ஆள் இங்கே தேடப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

மென்பொருள் எழுதுகிறவருக்கு மட்டும் நான் சான்றிதழைச் சிபாரிசு செய்வதில்லை. எழுதிய நிரலைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஓடுகிற இரண்டு புராஜெக்ட் அதைவிட நன்றாகப் பேசும். எட்டு வருடம் ஒரே வேலையைச் செய்துகொண்டு, அதையே சொல்லும் தொடக்கநிலைச் சான்றிதழை எடுக்க நினைப்பவரும் காசை மிச்சப்படுத்தலாம்.

மூன்றாம் படி: எதை எடுப்பது?

பயனர்களின் கணினிக் கோளாறைத் தீர்க்கும் ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு எல்லாரும் காம்ப்டியா அமைப்பின் ஏ பிளஸைச் சொல்வார்கள். அதில் இரண்டு பரீட்சை, இரண்டு கட்டணம். கோலாலம்பூர் விளம்பரங்களில் அதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். பாடத்தைப் படியுங்கள், பரீட்சையை விடுங்கள் என்பது என் கருத்து. உங்கள் முப்பது விளம்பரம் வேறு மாதிரிச் சொன்னால் அதைக் கேளுங்கள்.

நெட்வொர்க் என்றால் சிஸ்கோ தரும் சி.சி.என்.ஏ. இங்கே பேரம் இல்லை. 120 நிமிடம், 300 டாலர், மூன்று ஆண்டு செல்லுபடி. ஐ.பி. இணைப்புப் பகுதிக்கு மட்டும் 25 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறார்கள். நெட்வொர்க் அடிப்படைக்கும் ஸ்விட்ச் பக்கத்துக்கும் தலா 20. இந்த மூன்றில் தடுமாறினால் மற்றவை உங்களைக் காப்பாற்றாது.

கிளவுட், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினி வசதி, பக்கம் அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ்., மைக்ரோசாப்ட்டின் அஷூர் இரண்டும்தான் இங்கே அதிகம். அமேசான் மலேசிய வட்டாரம் என்ற தன் டேட்டா சென்டர் தொகுப்பை 2024 ஆகஸ்டில் திறந்தது, மைக்ரோசாப்ட் 2025இல். இதைக் கேட்டதும் "ஜொகூரில் இத்தனை டேட்டா சென்டர் வருதே, கிளவுட் படிச்சா வேலை நிச்சயம்" என்று சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். டேட்டா சென்டர் கட்டடத்துக்குள் பெரும்பாலும் தேடுவது மின்சாரம், குளிரூட்டி, கேபிள் தெரிந்த ஆட்களை. கிளவுட் சான்றிதழுக்கான வேலை அந்தச் சேவையை வாங்கிப் பயன்படுத்தும் வங்கி, காப்புறுதி, சில்லறை வணிக அலுவலகங்களில் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை இங்கே கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே.

ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர், சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் 150 டாலர். முதலாவது விற்பனைப் பிரிவு ஆட்களுக்குப் பொருந்தும். தொழில்நுட்ப வேலை தேடுகிறவர் நேராக இரண்டாவதற்கே போகலாம். அதில் 65 கேள்வி, 130 நிமிடம், ஆயிரத்துக்கு 720 எடுத்தால் தேர்ச்சி. ஒன்றில் தேறினால் அடுத்த பரீட்சைக்குப் பாதிக் கட்டணம் கழிவு.

பாதுகாப்புத் துறையில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, எடுத்த எடுப்பிலேயே, ஐ.எஸ்.சி.2 அமைப்பு அனுபவசாலிகளுக்குத் தரும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்று பாய்வது. அதன் கட்டணம் 749 டாலர். டாலருக்கு 4 ரிங்கிட் 20 சென் என்று போட்டால் 3,100 வெள்ளியைத் தாண்டும். 2025 பிப்ரவரியில் வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் கிட்டத்தட்ட இரண்டு மாதம். கொடுத்துத் தேறினாலும், எட்டுப் பாடப்பிரிவுகளில் இரண்டிலாவது ஐந்து ஆண்டு வேலை பார்த்திருந்தால்தான் முழுச் சான்றிதழ். பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும். அனுபவம் இல்லாதவருக்கு அசோசியேட் என்ற பெயர்தான் கிடைக்கும், அனுபவத்தைச் சேர்க்க ஆறு ஆண்டு அவகாசத்தோடு.

புதியவருக்கு அதே அமைப்பின் சி.சி. என்ற தொடக்கச் சான்றிதழ் இருக்கிறது. 2022இல் பத்து லட்சம் பேருக்குப் பயிற்சியும் பரீட்சையும் இலவசம் என்று அறிவித்தார்கள். தேறிய பிறகு ஆண்டுக் கட்டணம் 50 டாலர் உண்டு, அதைப் படிக்காமல் சேர்ந்துவிட்டுத் திட்டாதீர்கள். அடுத்து காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ், 400 டாலருக்கு மேல். ஊடுருவல் சோதனைதான் கனவு என்றால் ஓ.எஸ்.சி.பி. அதன் பரீட்சை 23 மணி 45 நிமிடம் ஓடும், பிறகு அறிக்கை எழுத இன்னொரு 24 மணி நேரம். தூக்கம் வராதவர்களுக்கு உகந்தது.

கணினித் தணிக்கைக்கு சீசா என்ற சான்றிதழ். லினக்ஸ் இயங்குதளத்துக்கு ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ., பல சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்கு சி.கே.ஏ. கடைசி இரண்டிலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. முதலாவதில் மூன்று மணி நேரம், இரண்டாவதில் இரண்டு மணி நேரம், உண்மையான கணினியில் உட்கார்ந்து வேலையைச் செய்து காட்ட வேண்டும். அதனாலேயே நேர்காணல் செய்பவர்கள் இவற்றை மதிக்கிறார்கள்.

நான்காம் படி: காசு

சொந்தப் பணத்தை எடுக்கும் முன் அலுவலகத்தில் மனிதவளப் பிரிவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம கம்பெனி எச்.ஆர்.டி. கார்ப்புக்கு லெவி கட்டுதா?" எச்.ஆர்.டி. கார்ப் என்பது மனிதவள மேம்பாட்டுக்கான அரசு அமைப்பு, லெவி என்பது அதற்குக் கட்டும் கட்டாயத் தொகை. பத்து அல்லது அதற்கு மேல் உள்நாட்டுப் பணியாளர் உள்ள பெரும்பாலான துறை நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்டியாக வேண்டும். முதலாளி தன் பணத்திலிருந்து கட்டுவது அது. அந்தத் தொகை பணியாளர் பயிற்சிக்கானது. அதைப் பயன்படுத்தாமல் போட்டுவைத்திருக்கும் கம்பெனிகள் ஏராளம்.

விண்ணப்பிக்க வேண்டியது முதலாளி, நீங்கள் அல்ல. வகுப்பு தொடங்கும் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆகவே நீங்களே பாடத்தின் பெயர், தேதி, கட்டணம், அது வேலைக்கு எப்படி உதவும் என்று ஒரே பக்கத்தில் எழுதி மேலாளர் கையில் கொடுத்துவிடுங்கள். அவருக்கு வேலை மிச்சமானால் கையெழுத்து சீக்கிரம் விழும். பரீட்சைக் கட்டணத்துக்கான வவுச்சரும் அதில் அடக்கமா என்று கேட்க மறக்காதீர்கள், பலர் வகுப்போடு நின்றுவிடுவது இங்கேதான். அப்புறம் பாண்ட். இரண்டு வருடம் போகக் கூடாது, போனால் முழுத் தொகையும் கட்டணும் என்று சில இடங்களில் எழுதி வாங்குவார்கள். 1,300 வெள்ளிப் பரீட்சைக்கு இரண்டு வருடத்தை எழுதிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு மாதம் என்று பேசிப் பாருங்கள்.

கம்பெனி தராவிட்டாலும் வகுப்புக்குக் கட்ட அவசியம் இல்லை. மைக்ரோசாப்ட் லேர்ன் முழுக்க இலவசம். சிஸ்கோவின் இணையப் பயிற்சித் தளமான நெட்அகாடமியில் கணக்குத் திறந்தால், கணினியிலேயே மாதிரி நெட்வொர்க் கட்டிப் பழகும் பேக்கெட் டிரேசர் இலவசம். சொந்தக் காசு பரீட்சைக்கு மட்டும் போகட்டும்.

ஐந்தாம் படி: கையால் படிப்பது

வீடியோ பார்ப்பதைப் படிப்பு என்று நினைத்த காலத்தில்தான் நான் அந்த வெள்ளைப் பலகையின் முன் நின்றேன். அதன் பிறகு மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன். நெட்வொர்க் என் துறை என்பதால் உதாரணமும் அதிலிருந்து.

ஒரு நெட்வொர்க்கைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு கை விரலில் இருக்க வேண்டும். மாமாக் கடையில் பில் சீட்டின் பின்பக்கம் ஒரு முகவரியை எழுதுங்கள்: 192.168.10.77/26. இது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது? முகவரியின் 32 பிட்டில் 26 போனால் மீதி 6 பிட். இரண்டின் ஆறாம் அடுக்கு 64. அப்படியானால் கட்டங்கள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 77 விழுவது 64க்கும் 127க்கும் நடுவில். நெட்வொர்க் முகவரி 64, எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 127, இடையில் கருவிகளுக்கு 62 முகவரி. முதல் நாள் ஐந்து நிமிடம் பிடிக்கும். தினமும் பத்துக் கணக்கு, மூன்று வாரம். இருபது விநாடிக்குள் வரும்வரை பரீட்சைக்குத் தேதி எடுக்காதீர்கள்.

அடுத்து பேக்கெட் டிரேசர். இரண்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், நான்கு கணினி. விலேன் 10, விலேன் 20. இரண்டு ஸ்விட்சையும் இணைக்கும் போர்ட்டுக்குள் போய் சுவிட்ச்போர்ட் மோட் டிரங்க் என்று தட்டுங்கள். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பிங், அதாவது சோதனைச் செய்தி, போகிறதா? சரி, சேமித்துவிட்டு இப்போது அதை நீங்களே கெடுங்கள். ஒரு பக்கம் நேட்டிவ் விலேனை, அதாவது டிரங்கில் குறியிடாமல் போகும் விலேனை, மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரிசையாக வரத் தொடங்கும். ஒரு கணினியில் கேட்வேயை, அதாவது வெளியே போகும் வழியின் முகவரியை, தப்பாகப் போடுங்கள். ஒரு போர்ட்டை ஷட்டவுன் செய்யுங்கள். பிறகு போய்த் தூங்குங்கள். மறுநாள் என்ன கெடுத்தோம் என்பது பாதி மறந்திருக்கும். அப்போது உட்கார்ந்து கண்டுபிடியுங்கள். வேலையில் நடப்பது இதுவேதான், கூடவே ஒருவர் பின்னால் நின்று "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பார்.

கிளவுட் படிப்பவர்கள் உண்மையான கணக்கில் பழகும்போது, முதல் நாளே செலவு எச்சரிக்கையை வையுங்கள். நான் ஒரு முறை, கிளவுட் கணினிகளை இணையத்தோடு இணைக்கும் நாட் கேட்வே ஒன்றை உருவாக்கி அழிக்க மறந்தேன். அது சும்மா இருந்தாலும் மணிக்கணக்கில் காசு ஓடும். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்தபோது தப்பு முழுக்க என்னுடையது.

வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் சி.சி.என்.ஏ.வுக்கு நான்கு முதல் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் முடித்தேன் என்பவர் முன்பே அந்த வேலையைச் செய்தவராக இருப்பார், இல்லையென்றால் டம்ப்ஸ் படித்திருப்பார்.

டம்ப்ஸ் என்பது திருடி விற்கும் பரீட்சைக் கேள்விகள். டெலிகிராமில் ஐம்பது வெள்ளிக்குக் கிடைக்கும். பிடிபட்டால் சான்றிதழைப் பறிப்பார்கள், மறுபடி எழுதவே தடை வரலாம். பிடிபடாவிட்டால் வெள்ளைப் பலகை காத்திருக்கும்.

ஆறாம் படி: பரீட்சை நாள்

நம்மவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது: பெயர். ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், நம் பெயர் ஒரே வரி. நடுவில் மகன் என்பதற்கு ஏ/எல் அல்லது மகள் என்பதற்கு ஏ/பி. பரீட்சைப் பதிவிலோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். என் நண்பர் ஒருவர் வீட்டில் கூப்பிடும் பெயரில் கணக்குத் திறந்திருந்தார். பரீட்சை நாளன்று ஐ.சி.யை நீட்டியதும் உள்ளே விடவில்லை. கட்டணமும் போயிற்று. உங்கள் பெயரை முதல் கட்டத்திலும் அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்திலும், ஐ.சி.யில் உள்ள எழுத்து மாறாமல் எழுதுங்கள். சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால், தேதி எடுக்கும் முன்பே பரீட்சை நடத்துபவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து எழுதலாமா, மையத்துக்குப் போகலாமா? மையம்தான். வீட்டில் எழுதினால் அறையில் வேறு ஆள் நுழையக் கூடாது, மேசையைப் படமெடுத்துக் காட்ட வேண்டும், கேள்வியை வாய்விட்டுப் படிக்கக்கூடக் கூடாது. அடுக்குமாடி வீட்டில் அம்மா "சாப்பிட வாடா" என்று கதவைத் திறந்தால் 300 டாலர் அங்கேயே நின்றுவிடும். மையத்தில் போன், கைக்கடிகாரம், பர்ஸ் எல்லாம் லாக்கருக்குள். படமெடுத்து, கையெழுத்து வாங்கி, அழித்தெழுதும் பலகை ஒன்று தருவார்கள். உட்கார்ந்ததும் சப்நெட் கணக்குக்கான 128, 64, 32 வரிசையை அதில் எழுதிவிடுவது என் வழக்கம். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள், கோலாலம்பூரில் மழை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

சிஸ்கோவில் தாண்டிய கேள்விக்குத் திரும்ப முடியாது. ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் குறித்துவைத்துத் திரும்பலாம், தப்பு விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். செக்யூரிட்டி பிளஸில் செய்து காட்டும் கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து நேரத்தைத் தின்னும். தள்ளிவைத்துவிட்டுக் கடைசியில் வாருங்கள். தோற்றால் சிஸ்கோவுக்கு ஐந்து நாள், ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்குப் பதினான்கு நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம், முழுக் கட்டணத்தோடு. சி.கே.ஏ.விலோ இரண்டாவது வாய்ப்பு கட்டணத்திலேயே அடக்கம்.

ஏழாம் படி: வந்த பிறகு

விண்ணப்பத்தில் சான்றிதழின் பெயருக்குக் கீழே, அதற்காக நீங்கள் அமைத்த லேபை, அதாவது பயிற்சி நெட்வொர்க்கை, இரண்டு வரியில் எழுதுங்கள். எத்தனை ஸ்விட்ச், எதைக் கெடுத்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள். நேர்காணலில் பேச்சு அங்கேதான் தொடங்கும். நான் இப்போது ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், முதலில் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். பைலைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டுப் பலகைப் பக்கம் போவேன்.

சம்பளம் உடனே உயரும் என்று எண்ணிவிடாதீர்கள். இருக்கும் இடத்தில் பெரும்பாலும் கைதட்டல்தான் கிடைக்கும். ஏற்றம் அடுத்த கம்பெனிக்குப் போகும்போது வரும்.

கடைசியாகக் காலாவதித் தேதி. மைக்ரோசாப்ட்டின் வேலை சார்ந்த சான்றிதழ்கள் ஓராண்டுக்குத்தான். ஆனால் முடிவதற்கு ஆறு மாதம் முன்பிலிருந்து இணையத்திலேயே இலவசமாகப் புதுப்பிக்கலாம், புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். தவறவிட்டால் மறுபடி முழுக் கட்டணம், முழுப் பரீட்சை. சி.சி.என்.ஏ.வுக்கு மூன்று ஆண்டுக்குள் 30 கல்விப் புள்ளி சேர்க்கலாம், அல்லது மேல்நிலைப் பரீட்சை ஒன்றில் தேறினால் இதுவும் சேர்ந்து நீளும். தேறிய அன்றே போன் காலண்டரில் இரண்டு நினைவூட்டல் போட்டுவிடுங்கள், ஆறு மாதம் முன் ஒன்று, இரண்டு மாதம் முன் ஒன்று. என் மருமகன் பரீட்சைக்கு ஜனவரிக் கடைசியில் தேதி எடுத்திருந்தான். தைப்பூசத்துக்கு அவன் பத்துமலையில் காவடி எடுக்கிற ஆள். மார்ச்சுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.